ஒல்லாந்தர் ஊரில் ஓர் ஒல்லிப்பிச்சான்

ஏழு வயதுவரை வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. ஒல்லிப்பிச்சான், அவ்வளவுதான். அந்த வருஷம் டைபாய்டு வேறு வந்து படுத்து எழுந்தேனா, பாவாடை இடுப்பிலேயே நிற்காது. ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் ஓடுவேன்.

எங்கள் ஊர் புதுவாயலுக்கு மேற்கே. நெல் விளைகிற ஊர்தான், ஆனால் இரண்டு வருஷமாக ஏரி நிறையவில்லை. வீட்டில் நாலு பெண்கள், நான் மூன்றாவது. அம்மாவின் அக்காவான பெரியம்மா பழவேற்காட்டில் இருந்தாள். பெரியப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அவர்களுக்குப் பிள்ளையில்லை. என்னை அவர்களுக்கே கொடுத்துவிடுவதென்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். எனக்குச் சொன்னது வேறு. "மீனும் எறாவும் துன்னு ஒடம்பத் தேத்திக்கினு வா. பத்தே நாளு."

புறப்படுகிற அன்று காலை அம்மா எனக்குத் தலை வாரினாள், வாரினாள், வாரிக்கொண்டே இருந்தாள். "வலிக்குதும்மா" என்றதும் சீப்பைப் போட்டுவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. நைனாவும் நானும்தான் கிளம்பினோம். பஸ் ஏறுகிற குஷியில், பொன்னேரி வருவதற்குள் அம்மாவை மறந்தே போனேன். நல்ல பெண்தான் நான்!

பொன்னேரியில் பஸ் மாறினோம். "அது இன்னா ஊரு நைனா?" என்று கேட்டேன்.

"பெரிய ஊரும்மா. அந்தக் காலத்துல ஒல்லாந்தரு கப்பல்ல வந்து, கோட்ட கட்டிக்கினு இருந்த ஊரு."

ஒல்லாந்தர்! எனக்கு ஒல்லி தெரியும், ஒல்லிப்பிச்சான் ரொம்ப நன்றாகவே தெரியும். ஆக, ஒல்லாந்தர் என்றால் எல்லோருமே ஒல்லியாக இருக்கிற ஏதோ ஒரு ஜனம்; அதனால்தான் என்னைப் பொறுக்கி எடுத்துக் கூட்டிப்போகிறார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பயமெல்லாம் இல்லை. கேலி பண்ண ஆளில்லாத ஊர் என்று உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தை முந்தானையால் துடைத்தாள், துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தாள். பெரியப்பாவோ, வந்தவர்கள் தண்ணீர் குடிப்பதற்குள் ஊரைச் சுற்றிக் காட்டியாக வேண்டும் என்கிற ஆள். ஆரணி ஆறு வந்து ஏரியில் விழுவதைக் காட்டினார். பாய்மரப் படகுகளைக் காட்டினார். முள்ளுச்செடி மண்டிய ஒரு மேட்டைக் காட்டி, "இதுதான் கோட்டை" என்றார். நைனா மரியாதைக்கு "ஓகோ" என்றார். அங்கிருந்து ஒரு பழைய மதில் சுவர் ஓரமாக நடத்திக்கொண்டு போய் ஒரு வாசலில் நிறுத்தினார்.

வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் இரண்டு எலும்புக்கூடு. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஒன்று தலைமேல் உடுக்கை மாதிரி எதையோ வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது.

"இங்கதான் இருக்காங்கம்மா ஒல்லாந்தர் எல்லாரும்" என்றார் பெரியப்பா, பாடம் நடத்துகிற குரலில். "வந்தவங்க ஊர் திரும்பல. இங்கேயே தங்கிட்டாங்க."

ஒல்லியாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்பமாட்டார்களாம்! கடைசியில் இப்படி ஆகி வாசலில் நிற்கவேண்டியதுதானாம்! கையை நீட்டிப் பார்த்தேன். கல்லில் இருந்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தப்பிக்க எனக்குத் தோன்றிய ஒரே வழி, நைனா நாலு மணி பஸ் ஏறுவதற்குள் குண்டாகிவிடுவது. மத்தியானம் பெரியம்மா மடவை மீன் குழம்பும் எறாத் தொக்கும் வைத்திருந்தாள். மூன்று தடவை சோறு வாங்கினேன். மூச்சு முட்டியது, நிறுத்தவில்லை. நைனா கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊட்டுல ஒரு வாய் துன்னாது. பாரு, கொயந்தைக்கு இந்த ஊரு ஒத்துக்கிச்சு" என்றார். பெரியம்மாவின் முகம் பூரித்துவிட்டது. நான் தப்பி ஓடத் தின்ற சோறு, அங்கேயே தங்கச் சம்மதம் என்று ஆகிப்போனது!

சாப்பிட்டதும் பெரியம்மா பெட்டியைத் திறந்து ஒரு புதுப் பாவாடையை எடுத்துக் கட்டிவிட்டாள். அவள் கையாலேயே தைத்தது. பச்சை நிறம், அடியில் வரிசையாக மூன்று மடிப்பு. நைனா செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேம்மா" என்றார். அவ்வளவுதான், ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன்.

"பாரு நைனா, நான் குண்டாயிட்டேன்! நான் ஒல்லாந்தரு இல்ல! என்ன இங்க வுட்டுட்டுப் போவாத!"

பெரியப்பா இருமல் வருகிறவரை சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தாள். என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, "அடி பைத்தியமே, ஒல்லாந்தருன்னா வெள்ளக்காரங்கடி. செத்து எத்தனையோ காலமாச்சு. நீ பாத்தது அவங்க கல்லற. இந்த ஊட்டுல நானும் பெரியப்பாவும்தான் இருக்கோம்" என்றாள்.

"அப்போ அம்மா?" என்றேன். "அம்மாவும் இங்க வந்துடுமா?"

பெரியம்மா சரியாகத்தான் இருந்த பாவாடை நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். பிறகு என்னை இறக்கிவிட்டு நைனாவிடம், "அழச்சிக்கினு போங்க" என்றாள்.

"இல்ல, பேசினபடி..." என்று இழுத்தார் நைனா.

"பேசினது நாம. அதுகிட்ட யாரு பேசினது? லீவு வுட்டா அனுப்புங்க, போதும்."

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பெரியம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டினேன். அதை வாங்காமல் என்னைத் தூக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் பழவேற்காடுதான். ஒரு தடவைகூடப் பெரியம்மா அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என் அம்மாவை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் அவள். உயிரோடு இருந்தபோது இதை அவளிடம் சொல்லத் தெரியாமல் போயிற்று, இப்போது சொல்கிறேன்.

அந்தப் பச்சைப் பாவாடை நாலு வருஷம் உழைத்தது. நான் வளர வளர அம்மா ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவாள். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் புதுப் பச்சையாகத் தெரியும். பத்து நாள் தங்க வருகிற பெண்ணுக்கு எதற்கு மூன்று மடிப்பு என்று அப்போது ஒருநாள் யோசித்தேன். துணி மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.