பதினாறு வோல்ட் போதாது

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு துர்கா பூஜை அது. அப்போது கொல்கத்தா சால்ட் லேக்கில் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் பிளாக் பந்தலில் இந்த வருஷம் ரயில் ஓடவேண்டும் என்று கமிட்டி முடிவு செய்ததும், மாடல் ரயில் பைத்தியமான என் கணவர் முழ நீளத்தில் ஒரு எஞ்சினைக் கட்டி முடித்தார். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்பதால் கரண்ட் விஷயத்தைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

பஞ்சமியன்று காலை மீட்டரும் கையுமாக உட்கார்ந்தேன். தண்டவாளத்தில் பன்னிரண்டு வோல்ட் ஏசி. எஞ்சினுக்குள் அது டிசியாக மாறும், அப்போது வோல்ட் கொஞ்சம் கூடும். தூசியால் கரண்ட் விட்டுவிட்டு வந்தாலும் எஞ்சின் திணறாமலிருக்க, உள்ளே கரண்டைச் சேர்த்துவைக்கும் ஒரு கெபாசிட்டர். அது தாங்கும் அளவு பதினாறு வோல்ட் என்று மேலே போட்டிருந்தது. ஓடும்போது மீட்டர் பதினாலு காட்டியது. ஸ்டேஷனில் மோட்டார் நின்றதும், கரண்டை இழுக்க ஆளில்லாமல் பத்தொன்பதைத் தாண்டியது. தாங்காமல் போனால் அந்தச் சின்ன டப்பா பட்டாசு மாதிரி வெடிக்கும். எஞ்சின் நிற்கும்போதுதானே குழந்தைகள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்ப்பார்கள்!

“பன்னெண்டுக்குப் பதினாறு தாராளம். மூணு நாளா ஓடுது, என்ன ஆச்சு?” என்றார் கணவர்.

“ஏங்க, நிக்கும்போது என்ன காட்டுதுன்னு நீங்களே பாருங்க. மாத்தாம இது பந்தலுக்குப் போகாது.”

கமிட்டி செக்ரட்டரிக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள் சாயங்காலம் திறப்பு. “பௌதி, கிச்சு ஹொபே நா” என்று கெஞ்சினார். அண்ணி, ஒன்றும் ஆகாது என்கிறார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று அதே ரகத்தில் இன்னொரு கெபாசிட்டரைப் பால்கனியில் அதே கரண்டில் இணைத்து, எவர்சில்வர் வாளியைக் கவிழ்த்து மூடினேன். மத்தியானம்வரை காத்திருந்தோம். பாழாய்ப்போனது வெடிக்கவேயில்லை. இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு வெடிக்கவில்லை என்றால் நாளைக்கும் வெடிக்காது என்று எவன் சொன்னான்?

பூஜைக் கூட்டத்தில் பஸ்ஸில் நசுங்கி சாந்தினி மார்க்கெட் போய், முப்பத்தைந்து வோல்ட் கெபாசிட்டர் வாங்கி வந்தேன். அது எஞ்சினுக்குள் அடங்கவில்லை. விடுவேனா? பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னால் ஒரு சரக்குப் பெட்டியை மாட்டி, அதற்குள் வைத்து, மெல்லிய ஒயரால் இணைத்தேன். எஞ்சினின் அழகே போச்சு என்று இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அஷ்டமியன்று ஒரு சின்னப் பெண், நின்றிருந்த எஞ்சின்மேல் மூக்கு படுமளவுக்குக் குனிந்து, உள்ளே டிரைவர் இருக்கிறாரா என்று தேடினாள். அதுவரை, அந்தக் கெபாசிட்டர் வாளிக்கடியில் ஒரு தடவை வெடித்துக் காட்டியிருக்கக் கூடாதா என்று எனக்குள் புகைந்துகொண்டுதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது அணைந்துவிட்டது.

நான் சொன்னது சரி என்று எங்கள் வீட்டில் இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. ஆகவும் வேண்டாம்.