மோட்டாரம்மா நிரப்பிய பாட்டில்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மோட்டாரம்மா என்று கேட்டால் காவலாளி முதல் மேனேஜர் வரை பின்பக்கம் கை நீட்டுவார்கள். அங்கே தகரக் கொட்டகைக்கு அப்பால் மூன்று தொட்டிகள். பேட்டரி கழுவிய தண்ணீர் அமிலமும் ஈயமுமாக முதல் தொட்டிக்கு வரும். இரண்டாவதில் சுண்ணாம்பைக் கலக்கினால் அமிலம் அடங்கும், ஈயத்தில் பெரும்பகுதி சேறாகக் கீழே தங்கும். மூன்றாவதில் தெளிந்த தண்ணீரை ஓடையில் விட வேண்டும். மோட்டார் போடுவது, மூட்டை பிரித்துக் கொட்டுவது, நிறம் மாறும் காகிதத்தை நனைத்துப் பார்ப்பது, கடைசியில் வால்வைத் திறப்பது எல்லாம் அவள்தான். பதினொரு வருஷமாக.

அந்த வேலை புருஷன் வழியாக வந்தது. அவர் அங்கே ஒன்பது வருஷம் பேட்டரி உடைத்தார். ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அடுத்த மாதத்துக்குள் இரண்டு மணிக்கட்டும் தொங்கிவிட்டன. ஈயம் நரம்பில் ஏறிவிட்டது என்றார்கள். மேனேஜர் வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டு, மனைவிக்கு வேலை போட்டுக் கொடுத்தார். "என் ரெண்டு கையும் வாங்கினது பத்தாம உன் ரெண்டு கையையும் கேக்குறாரு, நல்ல மனுஷன்" என்று புருஷன் அன்று சொன்னதற்கு அவளே சிரித்துவிட்டாள். அவர் அப்படித்தான். வாயும் போயிருந்தால் என்ன செய்திருப்பாளோ.

சுண்ணாம்பு எல்லா மாதமும் ஒழுங்காக வராது. வராத நாட்களில், திறந்து விடுங்கள், மழைத் தண்ணீரோடு போய்விடும் என்பார் மேனேஜர். மழையே இல்லாத மாதங்களிலும் அதையேதான் சொன்னார். அவளும் திறந்து விட்டாள். ஓடை எங்கே போகிறது என்று அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்தால் வேலை பார்க்க முடியாது என்பதால் பாதியில் நிறுத்திக் கொள்வாள்.

அவர்களுக்கு ஒரே மகள். தையற்காரருக்குக் கட்டிக் கொடுத்து நாலு வருஷம். வீடு ஓடையை ஒட்டிய தெருவில்; கீழே தையற்கடை, மேலே ஒரே அறை, பின்னால் அடிபம்பு. மகள் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது வயிற்றைச் சுருட்டிச் சுருட்டி வலித்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். நாலு நாள் கழித்து டாக்டரம்மா தாயையும் மகளையும் உட்கார வைத்து, வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறதா, யாராவது பேட்டரி வேலை செய்கிறார்களா, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மகள் அடிபம்பு என்று சொன்னதும் மோட்டாரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துவிடும், குழந்தைக்கும் இறங்கும், இனி அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மகள் கேட்டாள். "உங்க ஃபேக்டரித் தண்ணியாம்மா?"

"தெரியலடி."

அதுதான் அவள் மகளிடம் சொன்ன முதல் பொய்.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. முன்பு ஒருமுறை ஒரு கல்லூரி டீச்சர் ஓடைத் தண்ணீர் எடுக்க வந்திருந்தார். காவலாளி விரட்டிவிட்டார். அந்த டீச்சரைத் தேடி மோட்டாரம்மா லீவு போட்டுவிட்டு, தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனுடன் பஸ் ஏறினாள். கல்லூரி வாசலில் யாரைக் கேட்பது என்று தெரியாமல், தண்ணீர் டீச்சர் எங்கே என்று கேட்டாள். எப்படியோ கொண்டுபோய் விட்டார்கள்.

டீச்சர் அதிகம் பேசாதவர். கேனைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். அமிலத்தைப் பதமாகக் குறைத்து, டப்பாவிலிருந்து ஒரு கரண்டி கறுப்புப் பொடியைப் போட்டுக் கலக்கினார். தண்ணீர் மையாகக் கறுத்தது. இன்னும் கெடுக்கிறாரே என்று மோட்டாரம்மாவுக்குத் தோன்றியது. அரை மணி கழித்து டீச்சர் குவளையின் பக்கத்தில் ஒரு காந்தத்தை ஒட்டி வைத்தார். கறுப்பு முழுவதும் எறும்புக் கூட்டம் போல அந்தப் பக்கச் சுவருக்கு ஓடி அப்பிக்கொண்டது. மிச்சத் தண்ணீர் பளிச்சென்று நின்றது. பொடி இரும்புத் துரு மாதிரிதான், மேலே ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் பூச்சு பூசியிருக்கிறது, காந்தம் பொடியை இழுக்கும்போது ஈயமும் கூடவே வந்துவிடும் என்றார். லேசான அமிலத்தில் கழுவினால் ஈயத்தை விட்டுவிடும், பொடியை மறுபடி போடலாம். ஈயத்தை அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். நூறு பங்கு ஈயத்தில் இரண்டு பங்குகூட மிச்சமில்லை.

மோட்டாரம்மா அந்த மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். இது இத்தனை நாள் இங்கேயேவா இருந்தது என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது, கேட்டு வந்தவர்கள்தான் இல்லை என்றார் டீச்சர்.

மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பீப்பாய்க்கு அனுமதி வாங்கினாள். டீச்சர் நாலு கிலோ பொடி கொடுத்தார். அவ்வளவுதான் கைவசம், இன்னும் செய்ய ஒரு மாதம் ஆகும். பெரிய காந்தத்துக்கு எங்கே போவது? பழைய ஒலிபெருக்கிகளின் முதுகில் இருக்கும் என்று புருஷன் சொன்னார். பழைய சாமான் கடையிலிருந்து எட்டு வாங்கி வந்து, அவர் முழங்கைகளால் அழுத்திப் பிடிக்க, இவள் கழற்றினாள். "இந்த வீட்டுல ஒட்டுறதுக்கு ஏதோ ஒண்ணாவது கிடைச்சுதே" என்றார் அவர்.

பீப்பாய் தெளிந்தது. ஆனால் இருநூறு லிட்டருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. தொழிற்சாலையோ ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர் கக்கியது. சாப்பாட்டு நேரத்தையும் விட்டு அவள் அதே பீப்பாயில் நாலு தடவை முடிப்பதற்குள் மீதி முழுவதும் ஓடையில் போய்விடும். தினமும் அது போவதைப் பார்த்துக்கொண்டே கலக்கினாள். மூன்றாவது வாரம் அமிலம் அடங்காத தண்ணீரைக் காகிதம் நனைத்துப் பார்க்காமல் அவசரத்தில் ஊற்றிவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் பாதிப் பொடி கரைந்து, பீப்பாயில் மஞ்சள் தண்ணீர் நின்றது. காந்தத்தைக் காட்டினால் கொஞ்சம்தான் அசைந்தது. அவள் அங்கேயே சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

மிச்சப் பொடியை வைத்து நாளுக்கு ஒரே ஒரு பீப்பாயை ஓட்டினாள். அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் தானாகவே தொட்டிப் பக்கம் வந்தார். பீப்பாய்த் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிரமாதம் என்றார். வியாழக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வருகிறார் என்றும் சொன்னார்.

"பாட்டிலை நீங்கதான நிரப்பிக் குடுப்பீங்க. இதுல இருந்து குடுத்துடுங்க. நீங்க பட்ட பாடு வீணாப் போகல பாருங்க."

அவள் பீப்பாயைப் பார்த்தாள். ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷத்துக்கு ஓடையில் விடுவார்கள் என்று கணக்குப் போடக்கூட முடியவில்லை. அந்தக் குற்றத்தை மூடி மறைக்கும் வசதியை அவளே கையால் கலக்கிச் செய்து வைத்திருக்கிறாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் முதல்முறையாக எதையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உள்ளே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், எல்லாம் நம் தெருக்காரர்கள் என்றார். பிறகு தொங்கும் கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஆனா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். மோட்டாரம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டு பீப்பாயைத் தாண்டிப் போய், மூன்றாவது தொட்டியில் முக்கி நிரப்பினாள். பாட்டிலை அதிகாரியிடம் நீட்டினாள்.

"இதுதான் சார் ஓடைக்குப் போற தண்ணி. நான்தான் திறந்து விடுறேன். பதினொரு வருஷமா."

பத்து நாளில் வாசலில் சீல் வைத்தார்கள். நாற்பது குடும்பத்துக்கும் வேலை போயிற்று. குழாயடிக்கு அவள் போனால் பேச்சு நின்றது. எதிர்வீட்டுக்காரி முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினாள். மகள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னாள்: வால்வைத் திறந்தது நான், எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். மகள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். மருமகன் கடைக்குள் போய்விட்டார்.  நேரமாகிறது, கிளம்பு என்று மகள் சொன்னாள்.

பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. ரத்தத்தில் ஈயம் இருந்தது. எவ்வளவு பாதிக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. மோட்டாரம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகத்தான் பேத்தியைப் பார்த்தாள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

தொழிற்சாலை மூடினாலும் நிலத்துக்குள் போனது போகவில்லை. அடிபம்புத் தண்ணீரில் ஈயம் அப்படியே இருக்கிறது. அரசாங்க லாரி வாரம் இருமுறை வரும் என்றார்கள், ஒருமுறை வருகிறது. டீச்சர் புதிதாகப் பொடி செய்து கொடுத்தார். பம்புத் தண்ணீரில் அமிலம் இல்லாததால் பொடி கரையவில்லை. மோட்டாரம்மா மகள் வீட்டுத் தெருமுனையில் பீப்பாயை வைத்துக் காலையில் கலக்குகிறாள். கலக்கியதை ஒவ்வொரு வாரமும் டீச்சர் பரிசோதித்து, சரி என்றால்தான் இவள் யாருக்கும் ஊற்றுகிறாள். கழுவக் கழுவப் பொடியின் பிடிப்பு குறைந்துகொண்டே வருகிறது. அடுத்த தவணைப் பொடி எப்போது என்று டீச்சருக்கே தெரியாது.

முதல் மாதம் ஒருவரும் குடம் கொண்டுவரவில்லை. தெளிந்த தண்ணீரை அவளே தரையில் கொட்டினாள். பிறகு ஒருநாள் மருமகன் வந்தார். அவளைப் பார்க்காமல் இரண்டு குடத்தை வைத்துவிட்டு, குழந்தைக்குப் பால் கரைக்க என்று சொல்லி ஓரமாக நின்றார். அவள் காந்தங்களை ஒட்டினாள். கறுப்பு ஒதுங்க இன்னும் இருபது நிமிஷம் ஆகும் என்றாள். அவர் சரி என்றார்.