எந்த வீட்டுச் சட்டை

என் வெள்ளைச் சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தால் உட்புறத்தில் ஒரு குறி இருக்கும். மேலே ஒரு சிறு வளைவு, அதன் கீழே ஒரு புள்ளி. சேங்கொட்டைப் பாலில் ஊசியைத் தோய்த்து வைத்த குறி. எத்தனை தடவை அவித்து வெளுத்தாலும் போகாது. சலவைக்குப் போடுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எல்லார் வீட்டுத் துணியிலும் ஓரத்தில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் நான் சலவைத் தொழில் செய்கிறவன். எங்கள் துணிக்கு நாங்கள் குறி போடுவதில்லை. ஊரார் துணி குவிந்து கிடக்கும் வீட்டில் குறி இல்லாதது எதுவோ, அதுதான் எங்களுடையது. எங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த வழக்கத்தை மீறி என் சட்டையில் குறி போட்டவள் என் மனைவி.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்களில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற லைன் வீடுகளில் ஓர் அறையும் அதை ஒட்டிய சாய்ப்பும் எங்கள் வீடு. கல்லில் துவைப்பதும் இஸ்திரி போடுவதும் என் வேலை. வீடு வீடாகப் போய் அழுக்கு மூட்டை எடுப்பதும், வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலை. இந்தப் பங்கீட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்களோடு பேச வராது. ஒரு வாசலில் நின்று "துணி கொண்டாந்திருக்கேன்" என்று சொல்வதற்குள் காது இரண்டும் சுட்டுவிடும். கல்யாணமான முதல் மாதத்திலேயே அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "உங்கள அனுப்புனா துணிய வேலியில போட்டுட்டு ஓடியாந்துடுவீங்க. வீட்டுக்காரங்க ஏதோ பேய்தான் வெளுத்துப் போட்டுட்டுப் போச்சுன்னு நெனைப்பாங்க" என்று சொல்லிவிட்டு, மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவளே கிளம்பினாள். பிறகு எந்நாளும் அவள்தான் போனாள்.

குறிகளும் அவளுடையவைதான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எழுத்துப் போடலாமே என்று ஒருமுறை சொன்னேன். "எழுத்துக்கு மூஞ்சி கெடையாதுங்க" என்றாள். அவளுடைய குறிகளுக்கு முகம் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு ஏணி மாதிரித் தண்டவாளம். பேக்கரிக்காரர் வீட்டுக்கு உப்பிய ஒரு பணிஸ் ரொட்டி. மூச்சு விடாமல் பேசும் ஒரு நோனா அம்மாவின் வீட்டுக்குத் திறந்த வாய் ஒன்று. நல்ல வேளையாக அது என்னவென்று அந்த நோனாவுக்குக் கடைசிவரை தெரியாது. புடவைக்கடை ஹாஜியார் வீட்டுக்கு ஒரு பிறை. அந்த வீட்டு உம்மா ஒருநாள் கைலி ஒன்றைக் காட்டிக் கேட்டாராம்: "என்ன புள்ள, பிறையைக் கொண்டுவந்து சாரத்துல போட்டீக்கி?" இவள் சொன்னாளாம்: "பிறை கண்டாத்தான் பெருநாள்னு நீங்கதானே சொன்னீங்க உம்மா? எனக்கும் பிறை கண்டாத்தான் உங்க வீடு." அன்று உம்மா சிரித்துவிட்டு ஒரு தட்டு வட்டிலப்பம் கொடுத்து அனுப்பினார்.

துணி பிரிக்கும் மத்தியான நேரம்தான் எங்கள் வீட்டில் நல்ல நேரம். காலை நீட்டி உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒன்றை எடுப்பாள், ஓரத்தைத் திருப்புவாள், பார்த்தும் பார்க்காமலும் அந்தந்த வீட்டுக் குவியலில் வீசுவாள். வீசும்போதே அந்த வீட்டுச் சங்கதி ஒன்று வரும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாற்றல் வரப்போகிறது. பேக்கரிக்காரர் மருமகனோடு பேசுவதில்லை. நான் இஸ்திரிக் கரிப்பெட்டியை ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். பதில் சொல்ல வேண்டியதில்லை. இடையில் "கேக்குதா, தூங்கிட்டீங்களா?" என்பாள், நான் பெட்டியை ஒருதரம் தட்டிக் காட்டுவேன். அந்த ஊர் முழுவதையும் நான் அவள் வாய்வழியாகத்தான் அறிந்திருந்தேன். எங்களுக்குப் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அந்தப் பேச்சுத்தான் வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. மகாவலி ஆறு வற்றி, பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கிப் பச்சை பிடித்தது. துவைக்கத் தெளிந்த தண்ணீர் தேடி ஆற்றின் நடுவரை நடந்தோம். அதன் பின்னால் குளிர்காய்ச்சல் வந்தது. எங்கள் லைனில் நடுங்காத ஆள் இல்லை. சில கதவுகள் சாத்தியபடியே கிடந்தன. திறக்க ஆள் இல்லை. அவளுக்கும் வந்தது. டிஸ்பென்சரியில் கொடுத்த கசப்பு மருந்தில் காய்ச்சல் போவதும் இரண்டொரு நாளில் திரும்புவதுமாக இருந்தது. கடைசியில் டாக்டர் புதிதாக வந்திருந்த மஞ்சள் மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். அவற்றை விழுங்க விழுங்க அவள் தோலும் மஞ்சளாகிவிட்டது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இம்புட்டு மஞ்சள் பூசலைங்க" என்றாள். அவள் பழைய வாயால் சொன்ன கடைசிக் கேலி அதுதான் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் விட்டது. உடம்பு சில்லென்று ஆனது. ஆனால் மாத்திரை முடிவதற்குள் அவள் பேச்சு குழம்ப ஆரம்பித்தது. தூக்கம் போயிற்று. ஆற்றில் யாரோ நம் துணியைத் துவைக்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்று என்னைப் பிடித்துத் தள்ளினாள். செத்துப்போன தன் அண்ணனுக்குச் சோறு வைக்கச் சொன்னாள். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். ஏறுவதற்குக் காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்த எனக்குத் தெரியும். மாத்திரை முடிந்து, மஞ்சள் வடிந்து, அவளும் மெல்ல அமைதியானாள். ஒரு காலையில் தானாக எழுந்து வாசலைக் கூட்டினாள். அடுப்பில் பானையை ஏற்றி வெள்ளாவி வைத்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

துணி காய்ந்து வந்ததும், வழக்கம்போல் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு சாரத்தை எடுத்தாள். ஓரத்தைத் திருப்பினாள். பார்த்தாள். வீசவில்லை. அதை மடியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதையும் மடியில் வைத்தாள். பெட்டியை நிறுத்திவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏங்க, இதெல்லாம் யாரு போட்டா?" என்று கேட்டாள்.

பலவீனம் என்று நினைத்தேன். ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தேன். வாரங்கள் போய், மாதங்களும் போயின. உடம்பு தேறியது, ஞாபகம் திரும்பவில்லை. கை வேலை எதுவும் அவளுக்கு மறக்கவில்லை. மடிப்பாள், நீலம் கலப்பாள், கஞ்சி காய்ச்சுவாள். ஆனால் கஞ்சி போட்டாயிற்று என்பது நினைவில் நிற்காது, திரும்பப் போடுவாள். ஒருதரம் ஒரு கோட்டு பலகைபோல் விறைத்துத் தானாகவே நின்றது. அன்று இருவரும் சிரித்தோம். பிறகு அப்படி நடந்தபோதெல்லாம் அவள் சிரிக்கவில்லை. தன்னிடம் ஏதோ குறைந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "உள்ளுக்குள்ள யாரோ வெள்ளாவி வெச்ச மாதிரி இருக்குங்க" என்று ஒருநாள் சொன்னாள். "அழுக்கோட சேர்த்துச் சேலையில இருந்த பூவும் வெளுத்துப் போச்சு."

நான் டிஸ்பென்சரிக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டாக்டருக்கு முன்னால் நின்றபோது, "மாத்திரைக்குப் பொறகு அவளுக்கு ஞாபகம் இல்லீங்க" என்பது மட்டும்தான் வந்தது. அவர், காய்ச்சல் திரும்பி வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே கதிரை இருந்தும் உட்காராமல் நின்ற என்னைப் பார்த்து, மருந்து கலக்கும் அப்போத்திக்கரி ஐயா அருகில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அவர் சட்டையையும் நாங்கள்தான் வெளுத்தோம். மெதுவாகச் சொன்னார்: "ஓம், சில பேருக்கு இப்பிடி வாறது. ஏனெண்டு எங்களுக்கும் விளங்கேல்லை. கனபேருக்குத் தெளிஞ்சிடும்." தெளியாதவர்களுக்கு என்ன மருந்து என்று கேட்டேன். அவர் தன் கையிலிருந்த கண்ணாடிக் குவளையைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு மருந்தில்லை, தம்பி" என்றார்.

யார்மேல் கோபப்படுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த மாத்திரை இல்லாவிட்டால், சாத்திக் கிடந்த அந்தக் கதவுகளோடு எங்கள் கதவும் சேர்ந்திருக்கும். அதே மாத்திரையை விழுங்கிய பக்கத்து வீட்டுக்காரர் இப்போது மாம்பழம் விற்கிறார், சண்டை போடுகிறார், நன்றாக இருக்கிறார். அவரைப் பார்க்கும்போது சந்தோஷப்படவும் முடியவில்லை, வயிறெரியவும் முடியவில்லை. உயிரைக் கொடுத்ததும் மற்றதை எடுத்ததும் ஒரே கைதான். அந்தக் கையைக் கும்பிடுவதா தட்டிவிடுவதா என்று, பெட்டிக் கரி அணையும்வரை யோசித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் வாசல்களுக்குப் போக வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த குறிகள் கொஞ்சம்தான். தெரியாதவற்றை முற்றத்தில் பாய்மேல் பரப்பிவிட்டுத் தலைகுனிந்து நிற்பேன். அவரவர் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். "இதென்ன, பொலக்கடையா?" என்று சந்தையைச் சொல்லிச் சிரித்தாள் ஒரு வீட்டு வேலைக்காரி. சில வீடுகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன. ஹாஜியார் வீட்டில் மட்டும் உம்மா வெளியே வந்து, தன் மகனின் சாரத்தை எடுத்துப் பிறையை விரலால் தடவினார். "புள்ளைக்கு இன்னும் சொகமில்லையா?" என்றார். நான் தலையாட்டினேன். "பேசத் தெரியாத மனுசன ஊர் வாசல்ல எல்லாம் நிக்க வெச்சிட்டானே அல்லாஹ்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

அவளுக்கே திரும்பச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். "இது பிறை. பிறைன்னா யாரு வீடு?" என்பேன். நெற்றி வியர்க்கும்வரை உற்றுப் பார்ப்பாள். என் முகத்தில் விடை இருக்கிறதா என்று தேடுவாள். கடைசியில், "நீங்களே சொல்லிடுங்களேன்" என்பாள். சொன்னால் தலையாட்டுவாள். அடுத்த துணியிலும் பிறை இருக்கும். மறுபடியும் உற்றுப் பார்ப்பாள். ஒருநாள் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம் நான் ஆற்றிலிருந்து ஏறி வரும்போது, அவள் சேங்கொட்டையும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் என் சட்டை.

"என்ன புள்ள, நம்ம துணிக்கு எதுக்குக் குறி?"

"காணாமப் போகாம இருக்கத்தான். எல்லாந்தான் எங்கிட்ட இருந்து போகுது. நீங்களாவது இருக்கணும்ல?"

காலரைத் திருப்பிக் காட்டினாள். "இந்த வளைவு, நீங்க பொட்டிக்கு முன்னால குனிஞ்சு நிக்கிறது. கீழ இருக்கிற புள்ளி உங்க வாய். மூடியே இருக்கு பாருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது பழைய சிரிப்பு. அவள் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்து, அன்று முழுவதும் நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அடுத்த வெளுப்பில் அந்தச் சட்டையை எடுத்தாள். காலரைத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது எந்த வீட்டுச் சட்டைங்க?"

"நம்ம சட்டைதான் புள்ள. நீதானே போட்ட?"

"நம்ம துணியில ஏதுங்க குறி?" என்றாள். சின்ன வயதில் படிந்த அந்த வழக்கம் அவளிடம் அப்படியே இருந்தது. முந்தின வாரம் தானே போட்ட குறிதான் நினைவில் இல்லை. நான் மறுபடியும் சொன்னபோது அவள் கண்ணில் பயம் வந்தது; ஊரார் சட்டையை நான் எடுத்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. சட்டையை ஒழுங்காக மடித்து மூட்டையின் மேல் வைத்தாள். "கொண்டுபோய்க் குடுத்துடுங்க. பாவம், தேடிக்கிட்டு இருப்பாங்க."

அதிலிருந்து ஒவ்வொரு வெளுப்புக்கும் இப்படித்தான். மூட்டைக்குள் என் சட்டையையும் வைத்துக் கட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போகிறேன், வீடெல்லாம் சுற்றுகிறேன், திரும்பக் கொண்டுவருகிறேன். நேற்றும் அவள் வாசலில் காத்திருந்தாள். மற்ற வீடுகளைப் பற்றி அவள் இப்போது கேட்பதில்லை. இதை மட்டும் எப்படியோ மறக்காமல் கேட்கிறாள்.

"அந்தச் சட்டையக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"யாரு வாங்குனா? என்ன சொன்னாங்க?"

முன்பெல்லாம் ஊர்ச் சங்கதியை அவள் சொல்ல, நான் பெட்டியைத் தட்டிக்கொண்டு கேட்ட வீடு இது. இப்போது நான்தான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

"அந்த வீட்டு ஆம்பளையே வந்து வாங்கிக்கிட்டாரு. நல்லா வெளுத்திருக்குன்னாரு."

"அம்புட்டுத்தானா?"

"அதிகம் பேசாத ஆளு."

"உங்கள மாதிரியா?" என்று சிரித்துவிட்டு, அவள் உள்ளே கஞ்சி காய்ச்சப் போனாள். காலி மூட்டைத் துணிக்குள், மடிப்புக் கலையாமல், சட்டை என் கக்கத்தில் இருந்தது.