தாழிக்குள் ஒருவர்

பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப்போவதைவிட நண்டை அளந்து கூடைக்குள் போடுவது சுலபம். போன வாரம்தான் தெரிந்துகொண்டேன்!

என் தங்கை கலா, தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். கன்னியாகுமரி மியூசியத்தில் பண்பாட்டு வரலாற்றுக் கண்காட்சி... எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாக நீயும் வா அக்கா என்றாள். ஓசிப் பயணம்தானே, கிளம்பிவிட்டேன்.

பிள்ளைகள் எதையாவது பார்த்தார்களா? செப்புக்காசு, ஓலைச்சுவடி, கல்வெட்டு எல்லாவற்றையும் ரயில் ஜன்னலில் பார்ப்பதுபோலக் கடந்தார்கள். அடுத்து வட்டக்கோட்டை, அங்கே ஐஸ்கிரீம் — கண் முழுக்க வாசலில்தான்.

ஒரு கண்ணாடிக் கூண்டு மட்டும் அவர்களை நிறுத்தியது. உள்ளே ஆள் உயரத்துக்குப் பெரிய மண்பானை.

"டைனோசர் முட்டையா சார்?" என்றான் ஒருவன்.

"முதுமக்கள் தாழி மக்கா. அந்தக் காலத்துல செத்தவங்கள இதுக்குள்ள வெச்சுப் புதைப்பாங்க. அடியில பாரு, எலும்பு கெடக்கு" என்றார் விளக்கம் சொல்ல வந்த மியூசியம் ஊழியர்.

"அய்யே!" என்று ஒரு கூச்சல். கூட்டம் நகர்ந்தது. ஒருத்தி மட்டும் நகரவில்லை. ஜெனிஷா — மீன்பிடிக் குடும்பத்துப் பெண், வகுப்பிலேயே அமைதியானவளாம். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"ஏட்டி, எதுக்கு நிக்க? பஸ் காத்துக் கெடக்கு!" கலா அதட்டினாள்.

"செபம் பாதியில நிக்கி டீச்சர். முடிச்சிட்டு வாறேன்."

அந்தக் கடற்கரை ஊர்களில் அப்படித்தான். மாதா கோயிலில் துக்கமணி அடித்தால், செத்தது யாரென்று தெரியாவிட்டாலும், கைவேலையை நிறுத்திவிட்டு ஒரு செபம் சொல்வார்கள். அதற்காக... மியூசியத்திலுமா?

"இப்ப வாறியா இல்லியா? இனி உன்னை ஒரு டூருக்கும் கூட்டிட்டுப் போமாட்டேன்!"

ஜெனிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கால் நகரவில்லை.

ஊழியருக்குச் சிரிப்பு. "மக்கா, இவரு இயேசு பொறக்கதுக்கு எவ்வளவோ முன்னால செத்தவரு. உன் செபம் இவருக்குச் செல்லுமா?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ இத்தன காலமா இவருக்காவ யாருமே செபிக்கலியா சார்?"

கண்ணாடி வழியே குனிந்து அந்த எலும்பைப் பார்த்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, அழுதவர்கள் இல்லை. அழுதவர்களுக்காக அழுதவர்களும் இல்லை. இவ்வளவு காலம் கழித்து, யூனிபார்ம் போட்ட ஒரு சிறுமி அந்த மனிதருக்காக நிற்கிறாள்... துக்கத்துக்கு இவ்வளவு தாமதமாகவும் வரலாமா?

கலா கையிலிருந்த விசிலைக் கீழே இறக்கினாள். "எல்லாரும் இங்க வாங்க. அவ முடிக்கட்டும்" என்றாள். வாசல்வரை போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து கூண்டைச் சுற்றி நின்றார்கள். டைனோசர் முட்டையா என்று கேட்டவனும் நின்றான். அவள் சொல்லி முடித்ததும், வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "ஆமென்" என்றது.

கிளம்பும்போது ஊழியர் என் பக்கம் வந்தார்.

"தெனமும் இதப்பத்திப் பேசுதேன் மேடம். உள்ள இருக்கது செத்துப்போன ஒரு ஆளுன்னு இன்னைக்குத்தான் தோணிச்சு."

சாவு வீட்டில் பேசுவதுபோல, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.