கப்பலேறிய கைதியின் வேஷம்

லண்டன் ஹரோவில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆண்டு விழாவுக்காக ஒரு நாடகம் பழக்கினேன். கதையை என் வகுப்புப் பெண்பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் லண்டனில் துணியோ கரண்டியோ திருடிப் பிடிபட்ட பெண்களைத் தேம்ஸ் ஆற்றில் கப்பலேற்றி, ஆஸ்திரேலியாவில் இருந்த கைதிகள் குடியேற்றத்துக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தை என்றால் கூடவே போகலாம். வளர்ந்த பிள்ளை பெரும்பாலும் கரையிலேயே நிற்கவேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு வந்து, "டீச்சர், இதைத் தமிழில செய்வமே?" என்று கேட்டார்கள். ராஜா ராணி நாடகங்களில் கொட்டாவி விட்டவர்கள் அவர்கள். சரி என்றேன்.

கைதித் தாயாக நடிக்க ஒருத்தி தானாகவே கை உயர்த்தினாள். பதினைந்து வயது, அதிகம் பேசாதவள். அவளுடைய அம்மா சில வருடங்களுக்கு முன், வேலை செய்த கடையில் களவெடுத்ததற்காகச் சிறைத்தண்டனை பெற்று மறியலில் இருந்தவர். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பக்கத்துக் கதிரையில் இருப்பதுமில்லை. பிள்ளையே கேட்டபோது மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒத்திகையன்று அந்த அம்மா பின்னால் இருந்து நாடக உடுப்புகளுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். கப்பலேறும் கட்டம். மகள், தன் பிள்ளையாக நடித்த சின்னவளின் முன் குந்தியிருந்து சொன்னாள்: "அம்மா வேலைக்குப் போறன். கெதியா வந்திடுவன்."

நான் எழுதிக்கொடுத்த வசனம் அதுவல்ல. தாய் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்து வெளியே போனார். மறியலுக்குப் போன காலையில் அவர் மகளிடம் சொன்ன பொய் அதுதான் என்று அப்போது புரிந்தது.

அடுத்த கிழமை வகுப்பு முடிந்ததும், வகுப்புகளை நடத்திய தமிழ்ச் சங்கத்தின் தலைவர் என்னை மறித்தார்.

"டீச்சர், கள்ளியளின்ர கதையோ எங்கட பிள்ளையளுக்கு?"

"இந்த ஊரில நடந்த சரித்திரம் அண்ணை."

"சரித்திரமோ? மறியலுக்குப் போனவளின்ர மகளை மறியல்காரியா நடிக்க விடுறியள். வாற ஆக்கள் சிரிக்கமாட்டினமோ?"

மகளைக் கூட்டிப்போக வந்த தாய் வாசலில் நின்றார். "என்னைப் பற்றித்தானே கதைக்கிறியள்? சத்தமாக் கதையுங்கோ."

தலைவர் போனைப் பார்க்கத் தொடங்கினார். நான், "நீங்கள் உள்ள வாங்கோ அக்கா," என்றேன். தாய் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் கதையாதேங்கோ. இவர் என்னைப் பிடிக்கேல்லையெண்டு நேர காட்டுறார். நீங்கள் என்ர சீவியத்தை மேடையில வைச்சுக் கைதட்டு வாங்கப் பாக்கிறியள்."

"அம்மா, ப்ளீஸ்," என்றாள் மகள். "நான்தான் கேட்டனான். எனக்குச் செய்யவேணும்."

தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப நடி. நான் முன்னுக்கு இருந்து பாப்பன். ஆர் ஆர் எழும்பிப் போகினமெண்டும் பாப்பன்," என்றார்.

விழாவில் நாடகம் தொடங்கியதுமே தலைவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் சில குடும்பங்கள், கதிரைகளை வேண்டுமென்றே தரையில் இழுத்தபடி எழுந்து போயின. மேடையில் நின்றவள் வசனத்தை நிறுத்தி, கடைசி ஆள் வெளியேறிக் கதவு சாத்தும்வரை காத்திருந்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அப்படியொரு நடிப்பை அந்த மண்டபத்தில் நான் பார்த்ததில்லை. மிச்சம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தாய் தட்டவில்லை. திரும்பி, வெறுமையான கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தவணைக்கு என்னை வகுப்பெடுக்கக் கூப்பிடவில்லை. தாயும் மகளும் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒருநாள் மெட்ரோபொலிட்டன் லைனில் அந்தத் தாயைக் கண்டு சிரித்தேன். அவர் என் முகத்தை நேரே பார்த்துவிட்டு, எழுந்து ரயிலின் மறுகோடிவரை நடந்து போனார்.

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. தலைவர் மேல் இருப்பதைவிட அந்தத் தாய் மேல்தான் கொஞ்சம் அதிகம்.