தலைவர் படங்களும் பிரேசர் டவுன் மாடி வீடும்

முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, தில்லியில் இருக்கும் தலைவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பது சில ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. ஆட்சி அடிக்கடி கவிழ்ந்துகொண்டிருந்ததால் கருத்துக்கணிப்புக் கம்பெனிகளுக்குப் பெங்களூரில் ஆள் போதவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தால் போதும், தமிழும் கன்னடமும் தெரிய வேண்டும் என்றார்கள். எனக்கு இரண்டும் தெரியும். பேசத்தான் வராது.

அம்மா இறந்த பிறகு விவேக் நகரில் அதே ஒற்றை அறையில் நான் மட்டும் இருந்தேன். கடைக்காரர் அரிசியை மாற்றிக் கட்டிக் கொடுத்தால்கூட ஒன்றும் சொல்லாமல் வாங்கி வந்து அதையே பொங்கிச் சாப்பிடுவேன். எதிர் வீட்டுப் பெண் படியில் உட்கார்ந்திருந்தால், அவள் உள்ளே போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் பிறகு வெளியே வருவேன். அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை எப்படிப் பிடித்தது என்று கேட்டால், காரணம் ஒன்றுதான். பேச வேண்டியதை எல்லாம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். வணக்கம் முதல் நன்றி வரை எல்லாம் அதில் இருந்தது. என் சொந்த வார்த்தை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. தேவைப்படவில்லை என்பதைவிட, சொல்லக் கூடாது என்பதே விதி. யார் என்ன பதில் சொன்னாலும் தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, “அப்படியா” என்றுகூடச் சொல்லக் கூடாது. ஏற்கெனவே பழக்கமானவர்களிடம் கேள்வி கேட்கவே கூடாது. கடைசியாகச் சொன்னது எனக்குத் தேவையே இல்லாத விதி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு யாரைத் தெரியும்?

தலைவர்களின் படங்கள் போட்ட அட்டைகளைத் தந்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, “மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, அவ்வளவாகத் திருப்தி இல்லை, சுத்தமாகத் திருப்தி இல்லை” என்று படிக்க வேண்டும். “தெரியாது” என்று ஒரு கட்டமும் உண்டு. ஆனால் அதைப் படித்துக் காட்டக் கூடாது. அவர்களாகச் சொன்னால் மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு கணிப்புக்கு ஒரே ஆட்களிடம் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போய், அவர்கள் மனம் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அதற்குப் பேனல் என்று பெயர். அந்தப் பேனலில்தான் பிரேசர் டவுன் சந்து ஒன்றின் மாடி வீடு வந்தது.

கதவைத் திறந்த பெண் என்னைவிடச் சில வயது மூத்தவள். கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் இருந்தவராம். இவள் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்தாள். கணவர் லாரியோடு வடக்கே போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

“யாருமா, இன்னா வேணும்?” என்றாள். நான் அச்சடித்ததைச் சொல்ல ஆரம்பித்ததும், “முதல்ல உள்ள வா. படி ஏறி மூச்சு வாங்கிக்கினு கீற. தண்ணி குடி, அப்புறம் தில்லிக்குப் போலாம்” என்றாள்.

அட்டையைக் காட்டினேன். ஒவ்வொரு முகத்தையும் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வார்டில் புதிதாக வந்த நோயாளியைப் பார்ப்பதுபோல.

“இந்த ஆளு தூங்கவே மாட்டாரு போல. கண்ணு கீழ பாரு. பாவம், ‘ஓரளவு’ போடு. இவரு இருக்காரே, கும்புடற கையிலயே கோவம் தெரியுது. ‘சுத்தமா இல்ல’ போடு. ஏம்மா, நானும் வந்ததுலேருந்து பாக்கறேன், உன் மூஞ்சி செவுரு மாதிரி கீதே. சிரிச்சா கம்பெனில வெரட்டிடுவாங்களா?”

வெளியே வந்து படி இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தைத் தாண்டும்வரை சிரித்தேன்.

அடுத்த வாரம் சிவாஜி நகர் பஸ் நிலையத்தில் அவளே என்னைப் பார்த்துவிட்டாள். கூட்டத்துக்கு நடுவே, “ஏய், தில்லி!” என்று கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, ஒண்டியாக உட்கார்ந்தால் பேஜார் ஆகிறது என்றாள். நான் போனேன். பிறகு ஞாயிறுதோறும் போனேன். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவள் குஸ்கா செய்வாள். நான் வெங்காயம் நறுக்குவேன். அவள் பேசுவாள், நான் கேட்பேன். திங்கள் முதல் சனி வரை மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுக் குறிக்கிறவளுக்கு, குறிக்காமல் கேட்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று அங்கேதான் தெரிந்தது.

இரண்டாம் சுற்று வந்தது. பழக்கமானவர்களிடம் கேட்கக் கூடாது என்ற விதி நெஞ்சில் உறுத்தியது. ஆபீஸில் சொன்னால் அந்த வீட்டை வேறொருவருக்குக் கொடுப்பார்கள். எனக்கு அந்த வேலையும் போகலாம், அந்த வீட்டுக்குப் போகும் தைரியமும் போகலாம் என்று பயந்தேன். அதனால் ஒரு வேலை நாளில் பையோடு போய், புது ஆள்போல வணக்கம் சொல்லி, எல்லாக் கேள்வியையும் ஒழுங்காகக் கேட்டேன். அக்காவுக்கு அது ஒரே வேடிக்கை.

“இந்தத் தூங்காத ஆளு போன தடவைக்கு இப்போ இளைச்சிட்டாரும்மா.”

அதே அட்டை, அதே படம். சொல்ல முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் வெங்காய விலையால் அவருக்கு இந்த முறை ‘ஓரளவு’ கிடைக்கவில்லை.

நாங்கள் போன வீடுகளில் சிலவற்றுக்கு சூப்பர்வைசர் பின்னாலேயே போய், நாங்கள் உண்மையாகவே வந்தோமா, சரியாகக் கேட்டோமா என்று விசாரிப்பார். அதற்குப் பேக் செக் என்பார்கள். அந்தச் சுற்றில் அக்கா வீட்டுக்கும் போயிருக்கிறார். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு உதவும் என்று அக்கா நினைத்திருக்கிறாள். நல்ல ஆயா என்று நோயாளி வீட்டார் டாக்டரிடம் சொன்னால் அவளுக்கு அது உதவத்தானே செய்யும்.

மறுநாள் சூப்பர்வைசர் என்னை ஆபீஸ் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல பையன்.

“மேடம், அந்த பிரேசர் டவுன் லேடி உங்க ஃப்ரெண்டா?”

நான் கையிலிருந்த அட்டைகளை அடுக்கினேன்.

“‘அவ எங்க ஆளு சார். ஞாயித்துக்கிழமை சாப்பாடே இங்கதான். என் ஃப்ரெண்டு. நல்லா வெச்சிக்கோங்க’ன்னு சொன்னாங்க. எனக்குக் காப்பி வேற.” அவருக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். “பாசத்துல சும்மா சொல்லியிருப்பாங்க, இல்ல? அவ்ளோ பழக்கம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். நான் அப்படியே முடிச்சிடறேன். எனக்கும் தலைவலி இல்ல.”

என்னை ஒருவர் ஃப்ரெண்டு என்று சொன்னதாக அதற்கு முன் நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில்கூட இல்லை. வராந்தாவில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பழக்கம் இல்லை என்று சொல்வது எனக்கு மிகவும் சுலபம். வாழ்க்கை முழுக்க எல்லோரைப் பற்றியும் நான் சொல்லக்கூடியது அதுதானே.

“பழக்கம்தான் சார்” என்றேன்.

“எவ்ளோ?”

“நல்லாவே.”

“சரி” என்றார் அவர். அக்காவின் இரண்டாம் சுற்றுப் பதில்களைத் தள்ளிவிட்டார்கள். என்னையும் பேனலிலிருந்து எடுத்து, டீத்தூள் பற்றிக் கேட்க ஊர்க்கோடி தாண்டிச் சந்தாபுராவுக்கு அனுப்பினார்கள். போக வர பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும்.

இதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “எப்பம்மா மறுபடி அந்தப் படம்லாம் எடுத்தாருவ?” என்று அவளே கேட்ட பிறகுதான் சொன்னேன். கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“நான் நல்லதுதானேமா சொன்னேன்?”

“ஆமாங்க்கா.”

“ஃப்ரெண்டுன்னு சொன்னா தப்பா? இது இன்னா கம்பெனி?”

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் முன்போல இல்லை. என் வேலையைக் கெடுத்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு கூச்சம். பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் தொடர எனக்குத் தெரியாது. குக்கர் சத்தம் போடும். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். விவேக் நகருக்குத் திரும்பும் பஸ்ஸில், அடுத்த வாரம் கேட்க இரண்டு கேள்விகளை யோசித்து வைப்பேன். போனதும் மறந்துவிடும். அந்த வீடும் மெல்ல எனக்கு மூடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. அதற்கு நான் செய்யக்கூடியது என்ன என்றுதான் புரியவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தோளில் பை, கையில் அட்டை, கல்லூரி முடித்ததுபோல ஒரு பெண். மூன்றாம் சுற்று; அவசரம் போல, ஞாயிறிலும் அனுப்பியிருந்தார்கள். அச்சடித்த வணக்கத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, “இவங்க யாரு ஆன்ட்டி?” என்றாள்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். “பக்கத்து வூடு” என்றாள்.

எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். அது தெரிந்தும் தட்டை ஒதுக்கி வைத்தேன். பேட்டி எடுக்கும்போது வேறு யாரும் கூட இருக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லத் தயங்கினாள். அவள் சொல்லும் முன்பே நான் கை கழுவிக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றேன். கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவள் படிப்பது கேட்டது. என்னைவிட வேகமாகப் படித்தாள். ஒவ்வொரு தலைவருக்குப் பிறகும் அக்காவின் குரல் வந்தது, ஒரே ஒரு வார்த்தையாக. என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. அப்படியே இறங்கிப் பஸ்ஸுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. செருப்பு உள்ளே இருந்தது.

அந்தப் பெண் சீக்கிரமே வெளியே வந்தாள். நான் உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

“எல்லாத்துக்கும் ‘தெரியாது’ன்னு சொல்லிட்டேன்” என்றாள் அக்கா, தட்டை எடுத்துக்கொண்டே. “அவ யாரு, அவகிட்ட இன்னாத்துக்கு சொல்லணும்?”

“நீங்க சொல்லியிருக்கலாங்க்கா. நீங்க நினைக்கிறது அதுல வரணும்.”

“எனக்குத் தெரிஞ்சத நான் உன்கிட்ட சொல்லியாச்சு. நீ இன்னா நெனைக்கிற, அதச் சொல்லு. இத்தினி நாளா ஊருல இருக்கறவங்கள எல்லாம் கேட்டியே. அந்தத் தூங்காத ஆளு எப்பிடி?”

எந்தக் கட்டத்திலும் நான் என்னை வைத்துப் பார்த்ததில்லை. அக்கா அங்கிருந்து போகாமல் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“படத்துல அவர் காலர் ஒரு பக்கம் மடிஞ்சிருக்கும்க்கா” என்றேன். “போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி யாரும் அத சரி பண்ணி விடல. அவ்ளோ பேரு சுத்தி இருந்திருப்பாங்க. ஒருத்தரும் பாக்கல. அத எடுத்துக் காட்டும்போதெல்லாம் எனக்கு அவர் மேல கோவமே வராது.”

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.