வலது பக்கம் சாய்ந்த வண்டி

எங்கள் ஏரியில் தண்ணீர் இருந்தால் மீன் ஏலம், வற்றிப்போனால் கார் ரேஸ். நாட்றம்பள்ளி ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். மாசி மாதத்தில் தரை நன்றாகக் காய்ந்து இறுகிவிடும். அப்போது ரேஸ் வைப்பார்கள். கார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய வேன் என்ஜின், காயலான் கடைச் சக்கரம், இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்த கூண்டு, உள்ளே ஒரே ஒரு சீட். ஏரி நடுவில் ஒரு மேடு இருக்கிறது. அதை ஆறு சுற்று சுற்றி முதலில் வருகிறவனுக்கு ஒரு பித்தளைக் குடமும் மாலையும் கிடைக்கும்.

ஒவ்வொரு வண்டியும் அதைக் கட்டினவனைப் போலவே இருக்கும். குடியாத்தத்திலிருந்து வருகிற தறிக்காரர் எங்கு பார்த்தாலும் கம்பியும் ஸ்பிரிங்குமாகக் கட்டியிருப்பார்; ஓடும்போது தறி ஓடுவது போலவே சத்தம் கேட்கும். பள்ளிகொண்டா செங்கல் சூளைக்காரர் வண்டி லாரிக்குப் பிறந்தது போல அகலமாக இருக்கும். எல்லாம் அசிங்கம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது யாருடையது என்று சொல்லிவிடலாம்.

நான் டேனரியில் ஃபிட்டர். தோல் ஊறவைக்கிற மர டிரம்களுக்கு பேரிங் மாற்றுவதும் பல்சக்கரம் மாற்றுவதும்தான் வேலை. என் மச்சினனும் அங்கேயேதான் இருந்தான். தோலில் சதை எடுக்கிற மெஷின் அவன் இடது கையில் மூன்று விரலைச் சாப்பிட்டது. அதற்குப் பிறகு கேட்டில் உட்காரவைத்து லாரி நம்பர் எழுத விட்டார்கள். வருஷம் முழுவதும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த ஆறு சுற்றுதான் எல்லாம். அவனுக்காகத்தான் நான் வண்டி கட்டினேன். இடது கையால் கியர் போட முடியாது என்பதால் கியரை வலது பக்கம் வைத்தேன். தோல் எடை போடுகிற தராசில் அவனை உட்காரவைத்து எடை பார்த்து, அதற்கேற்ப சீட்டை நகர்த்தினேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். மேட்டின் மேல் முனீஸ்வரன் கல் இருக்கிறது. சாமியை வலமாகத்தான் சுற்ற வேண்டும். அதனால் எங்கள் ரேஸில் எல்லா வளைவும் வலது பக்கம்தான். இடது பக்கம் திரும்புகிற வேலையே கிடையாது. எனவே வலது பக்கம் எடையைக் கூட்டினேன், வலது சக்கரத்தைச் சின்னதாக்கினேன். நின்றுகொண்டிருந்தாலே வண்டி வலது பக்கம் சாய்ந்திருக்கும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வளைவில் அது போகிற போக்கைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

ரேஸ் கமிட்டிக்குப் புதிதாக ஒரு செயலாளர் வந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்தவர். எல்லோரும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்ததும் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் எல்லோருக்கும் ஒரே மாடல். வெளிமாநிலத்தில் எங்கேயோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் செய்த கூண்டு, எட்டு வண்டிக்கும் ஒரே அளவு, ஒரே நீலக் கலர். சொந்தமாகக் கட்டியது எதுவும் ஓடக்கூடாது.

நான் போய்க் கேட்டேன்.

"ஃபிட்டர், ரேஸுன்னா ஆளோட திறமை தெரியணும். ஒவ்வொருத்தனும் ஒரு தினுசா கட்டிக்கினு வந்தா எப்படித் தெரியும்? வண்டி ஒண்ணா இருந்தாதான் நியாயம்" என்றார்.

"வண்டி ஒண்ணா இருக்கலாம் சார், கை ஒண்ணா இல்லியே. எங்க மச்சினனுக்கு மூணு விரல் கம்மி."

"அதுக்கு கமிட்டி இன்னா பண்ணும்? ஒருத்தனுக்காக ரூல மாத்த முடியுமா?"

"ரூல மாத்த வேணாம். கியர வலது பக்கம் வெச்சிக்க விடுங்க, போதும்."

"அப்ப அது ஒரே மாடல் இல்லியே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் டேனரியில் நிறையப் பார்த்திருக்கிறேன். விரல் போன அன்றைக்கும் ஒருத்தர் இப்படித்தான் சிரித்துக்கொண்டே காகிதத்தில் கையெழுத்து கேட்டார்.

வீட்டுக்கு வந்து மச்சினனிடம் சொன்னேன். "பரவால்ல மாமா, நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றான். உண்மையிலேயே பரவாயில்லை என்பவன் முகம் அப்படி இருக்காது.

நீல வண்டிகள் லாரியில் வந்து இறங்கிய அன்று நானும் போயிருந்தேன். பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. எட்டும் இடது பக்கம் சாய்ந்திருந்தன. வெளிநாட்டில் இந்த மாதிரி ரேஸில் இடது பக்கமாகவே சுற்றுவார்களாம். அந்த மாதிரி ஒரு படத்தைப் பார்த்து எவனோ அப்படியே செய்து அனுப்பியிருக்கிறான். இவர்களும் பூசணிக்காய் உடைத்து இறக்கிவைத்தார்கள். எட்டுப் பேரில் ஒருத்தனுக்காவது இது எந்தப் பக்கம் திரும்பப் போகிற வண்டி என்று கேட்கத் தோன்றவில்லை. போன வருஷம்வரை சொந்தக் கையால் வண்டி கட்டிய அந்தத் தறிக்காரர்கூட நீல பெயின்ட்டைத் தடவிப் பார்த்து, "சோக்கா இருக்குதுப்பா" என்றார்.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். உண்மை அதுதான்.

பயிற்சி ஓட்டத்தில் முதல் வளைவிலேயே மூன்று வண்டி வளையாமல் நேராகக் கரையைப் பார்த்து ஓடின. சூளைக்காரர் வண்டி இடது பக்கமாக உருண்டு தலைகீழாக நின்றது. அவரைப் பிடித்து இழுத்தபோது வாயெல்லாம் மண். காரை எலும்பு உடைந்திருந்தது. அவரைத் தூக்கி வேனில் ஏற்றியபோது நானும் ஒரு கை பிடித்தேன். என் முகத்தைப் பார்த்து, "நீயாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றியது.

மேனேஜரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். "ஷூ கம்பெனியில இருந்தவரு நீங்க. ஷூவுக்கே இடது, வலதுன்னு ரெண்டு இருக்குது. நீங்க எட்டும் இடதாவே வாங்கிக்கினு வந்துட்டீங்களே சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

தப்பை ஒப்புக்கொள்வதைவிட சாமியைத் திருப்புவது சுலபம் என்று கமிட்டிக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெற்றிலை பாக்குத் தட்டோடு முனீஸ்வரன் பூசாரியிடம் போனார்கள். இந்த ஒரு வருஷம் இடமாகச் சுற்றிக்கொள்கிறோம், பரிகாரம் எதுவாக இருந்தாலும் செய்துவிடுகிறோம் என்றார்கள். பூசாரிக்கு வந்ததே கோபம்.

"இடமா சுத்தறதுக்கு இங்க இன்னா பொணமா படுத்துக்கினு இருக்குது? தட்ட எடுத்துக்கினு கெளம்புங்கய்யா!"

நான் முனீஸ்வரனுக்குச் சூடம் ஏற்றுகிற ஆள் இல்லை. அன்றைக்கு ஏற்றினேன்.

பிறகு மேனேஜர் டேனரி கேட்டுக்கே வந்துவிட்டார். அங்கே ஸ்டூலில் என் மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் என்னை வெளியே கூப்பிட்டார். "ஃபிட்டர், உன் வண்டி அளவ குடு. எட்டையும் அந்த மாதிரியே மாத்திடலாம். உன் பேரு நிக்கும்."

"அது அவன் எடைக்கும் அவன் கைக்கும் கட்டுனது சார். மத்தவங்கள ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க. உக்கார வெச்சி அளவு எடுத்து மாத்தித் தர்றேன்."

"ஆளுக்கு ஒரு அளவுன்னா பேஜாரு. ஒரே அளவா குடு."

"முடியாது" என்றேன்.

அவர் கெஞ்சவில்லை. என் வீட்டுப் பக்கம் கூரைக்குக் கீழே நிறுத்தியிருந்த வண்டியை யாரோ ஒரு வெல்டர் வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நான் ஷிஃப்டில் இருந்தேன். மச்சினன்தான் அளவெடுக்க டேப் பிடித்திருக்கிறான். கேட்டதற்கு, "கேட்டாங்க மாமா, பிடிச்சேன்" என்றான்.

ரேஸ் அன்று போய்ப் பார்த்தால் எட்டு நீல வண்டியும் வலது பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அதோடு விட்டார்களா? எதற்கு என்று ஒருத்தனும் கேட்காமல் எல்லாவற்றையும் அப்படியே எடுத்திருந்தார்கள். எட்டிலும் கியர் வலது பக்கம். முழுசாகப் பத்து விரல் இருக்கிறவர்கள், என் மச்சினன் ஓட்டுவது போலவே இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் கியரையும் ஸ்டீயரிங்கையும் மாற்றி மாற்றிப் பிடித்துத் திணறிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தறிக்காரர் மட்டும், "வேகத்துக்கு இதாம்பா சரியான டெக்னிக்கு" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் சொன்னார்.

இனிமேல் என் வண்டியும் அதே மாடல்தானே என்று நானும் அதை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். மேனேஜர் ஷூவுக்குத் தோல் வெட்டுகிற அட்டையைப் போல பிளைவுட்டில் ஒரு பேட்டர்ன் செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு வண்டி மேலேயும் அதை வைத்துப் பார்த்தார்கள். என் வண்டியில் அது உட்காரவில்லை. போன வருஷம் கரையில் மோதி என் கூண்டில் ஒரு குழாய் வளைந்திருந்தது. அவர்கள் செய்ததில் அதை நேராக்கியிருந்தார்கள்.

"ஃபிட்டர், உன் வண்டி மாடலுக்கு ஒத்து வரல" என்றார்.

"யோவ், இதப் பாத்துதான்யா அதச் செஞ்சீங்க!"

"இருக்கலாம். இப்ப அதான் மாடல். சுத்தியல் இருக்குது, தட்டி நேராக்கிட்டு ஓட்டு."

தட்டியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. என் வண்டியை அதன் நகலுக்கு ஒத்து வரவைக்க நான் சுத்தியல் எடுக்க மாட்டேன் என்றேன். மச்சினன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் சூளைக்காரர் வண்டியைப் பார்த்தான். அவர் எலும்பு உடைந்து வீட்டில் கிடந்ததால் அதை ஓட்ட ஆள் இல்லை.

"சார், அத நான் ஓட்டட்டுமா?" என்றான்.

மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாடல் வண்டி, யார் வேணா ஓட்டலாம்" என்றார்.

கியர் வலது பக்கம் இருந்ததால் அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மற்றவர்கள் கியரைத் தேடுவதற்குள் அவன் முதல் வளைவைத் தாண்டியிருந்தான். ஆறாவது சுற்றில் அவனுக்குப் பின்னால் அரை ஏரி காலியாக இருந்தது. மாலை போட்டார்கள், குடத்தைக் கொடுத்தார்கள். நான் இருந்த இடத்துக்கே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பல்லைத் தவிர எல்லாம் மண்.

"மாமா, தப்பா நெனச்சிக்காத. உன் வண்டிய விட இது நல்லா ஓடுது" என்றான்.

"எறங்குடா கீழ."

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. போய்ட்டு வர்றேன்."

போய்விட்டான். நான் அவனைத் திட்டிக்கொண்டே என் வண்டியை டிராக்டரில் ஏற்ற ஆள் கூப்பிட்டேன். எல்லோரும் அவனைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் வரவில்லை.